பூஞ்சை மருந்துக்கு 'டிரக் லெவல்' பரிசோதனை: நாள் குறிப்பது முதல் ரிப்போர்ட்டை வாசிப்பது வரை

இட்ராகொனசோல், வோரிகொனசோல், போசகொனசோல் ஆகிய மூன்று பூஞ்சை மருந்துகளில் ஒன்றைச் சாப்பிடுகிறவரிடம் மருத்துவர் 'டிரக் லெவல் பார்த்துவிட்டு வாருங்கள்' (அதாவது, ரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்து வாருங்கள்) என்று சீட்டு கொடுத்திருந்தால், இந்த வழிகாட்டி அவருக்கும் உடன் வருபவருக்கும். முதல் முறையாக இந்தச் சாம்பிளை எடுத்து அனுப்பப் போகும் செவிலியருக்கும் லேப் ஊழியருக்கும்கூட இது பயன்படும். டோஸைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை. அவர் நம்பி முடிவெடுக்கக்கூடிய ஓர் எண்ணை அவர் மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் வேலை.

அந்த எண் எதைப் பொறுத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வேளை மருந்து எப்போது உள்ளே போனது, ரத்தம் எப்போது எடுக்கப்பட்டது என்ற இரண்டு நேரங்களும் தெரியாவிட்டால், ரிப்போர்ட்டில் வரும் எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பணமும் போய், ரத்தமும் போய், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

1. உங்கள் மருந்துக்கு இந்தப் பரிசோதனை உண்டா என்று பாருங்கள்

தோலில் வரும் படர்தாமரைக்குச் சில வாரங்கள் இட்ராகொனசோல் சாப்பிடுகிறவர்களுக்குப் பொதுவாக இது தேவைப்படாது. நுரையீரலிலோ மூளையிலோ ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை பிடித்தவர்கள், கருப்புப் பூஞ்சைக்குப் பின் மாதக்கணக்கில் போசகொனசோலில் இருப்பவர்கள், ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் பூஞ்சை வராமல் தடுக்க மருந்து சாப்பிடுகிறவர்கள்: இவர்களுக்குத்தான் தேவை. ஒரே டோஸைச் சாப்பிடும் இருவரின் ரத்தத்தில் மருந்தளவு பல மடங்கு வேறுபடலாம். இந்த நோய்களில் மருந்து போதாமல் இருந்தால், அது தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

ஃப்ளூகொனசோல், காஸ்போஃபங்கின், மைக்காஃபங்கின் ஆகிய மற்ற பூஞ்சை மருந்துகளுக்கு வழக்கமாக அளவு பார்ப்பதில்லை. ஐசவுகொனசோலுக்கும் எல்லோருக்கும் பார்ப்பதில்லை. ஆம்ஃபோடெரிசின் பி ஏற்றும்போது பார்க்க வேண்டியவை கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம், மெக்னீசியம். மருந்தின் அளவு அல்ல. ஃப்ளூசைட்டோசின் கொடுத்தால் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அளவு மிஞ்சினால் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும். அதற்கு முறை வேறு என்பதால் இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

இன்னொரு குழப்பம். சீட்டில் 'ஃபங்கல் டெஸ்ட்' என்று மட்டும் இருந்தால் கலெக்‌ஷன் சென்டரில் கல்ச்சரையோ கேலக்டோமன்னனையோ பதிந்துவிடுவார்கள். அவை உடம்பில் பூஞ்சை இருக்கிறதா என்று தேடும் பரிசோதனைகள். நமக்கு வேண்டியது ரத்தத்தில் மருந்து எவ்வளவு என்பது. 'வோரிகொனசோல் லெவல்' என்று மருந்தின் பெயரோடு எழுதி வாங்குங்கள்.

2. மருந்தின் வடிவத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

பெயர் மட்டும் போதாது, அட்டையைப் படம் எடுத்து வையுங்கள். இட்ராகொனசோல் நம் ஊர்க் கடைகளில் சாதாரண காப்ஸ்யூலாகவும் கிடைக்கிறது, 'சூபா' என்று அட்டையில் போட்ட காப்ஸ்யூலாகவும் கிடைக்கிறது. சூபா வகை நன்றாக உறிஞ்சப்படும்படி செய்யப்பட்டது. அதில் 65 மி.கி. என்பது சாதாரண காப்ஸ்யூலின் 100 மி.கி.க்கு ஏறக்குறைய ஈடு. கடையில் ஒன்று இல்லையென்று மற்றதை மாற்றிக் கொடுத்தால், மில்லிகிராம் கணக்கு சரியாகத் தோன்றும், ரத்தத்தில் அளவு மாறிப்போகும்.

போசகொனசோலிலும் இதே கதைதான். மாத்திரையும் குடிக்கும் மருந்தும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. மாத்திரையில் வழக்கமான டோஸ் முதல் நாள் 300 மி.கி. இரண்டு வேளை, பிறகு தினம் ஒரு வேளை 300 மி.கி. குடிக்கும் மருந்துக்கு டோஸ் கணக்கே வேறு. அந்த மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மூக்கு வழிக் குழாயில் உணவு போகிறவர்களுக்குப் பொடித்துக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அப்படிச் செய்திருந்தால் லெவல் பார்க்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

3. சாப்பிடும் முறையைச் சரிசெய்த பிறகே ரத்தம் கொடுங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அளவு குறைவு என்று வந்த ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், நான் பார்த்தவரை பாதிக்கு மேல் காரணம் தட்டிலும் டம்ளரிலும்தான் இருக்கும், டோஸில் இருக்காது.

இட்ராகொனசோல் சாதாரண காப்ஸ்யூல்: முழுச் சாப்பாடு முடிந்த உடனே. இரண்டு பிஸ்கட்டும் டீயும் சாப்பாடு ஆகாது. இந்தக் காப்ஸ்யூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், உணவு வந்தால்தான் அமிலம் சுரக்கும். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற 'கேஸ் மாத்திரை' அந்த அமிலத்தையே அடக்கிவிடுவதால் மருந்து சரியாகக் கரையாது. கேஸ் மாத்திரையை நிறுத்தவே முடியாத சிலருக்கு, காப்ஸ்யூலை கோலா பானத்தோடு எடுக்கச் சொல்வதுண்டு, அதிலுள்ள அமிலத்துக்காக. சர்க்கரை நோய் இருந்தால் இதை நீங்களாகத் தொடங்க வேண்டாம். சூபா வகை வயிற்று அமிலத்தை அந்த அளவுக்கு நம்பியிருப்பதில்லை. குடிக்கும் இட்ராகொனசோலோ நேர் எதிர், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும்.

வோரிகொனசோல் மாத்திரை: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் பின்போ. கொழுப்பு மிகுந்த உணவோடு எடுத்தால் உறிஞ்சுவது குறையும்.

போசகொனசோல்: மாத்திரையைச் சாப்பாட்டோடு. குடிக்கும் மருந்து என்றால் கொழுப்புள்ள முழு உணவோடு. காய்ச்சலில் வாய் கசந்து கஞ்சி மட்டும் குடிக்கிறவருக்குக் குடிக்கும் வகையில் அளவு ஏறாது. அதை லெவல் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை, கேட்டாலே தெரியும்.

முறை தப்பியிருந்தது என்று இப்போது தெரிந்தால் சாம்பிளை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் சொல்லி, அவர் சம்மதித்தால் முறையைத் திருத்தி, அடுத்து 5-ம் படியில் சொல்லும் நாட்கள் கழித்துக் கொடுங்கள். நோயாளியின் நிலை மோசமாக இருந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே எடுப்பார்கள். அப்போது 'தவறாகச் சாப்பிட்ட நிலையில் எடுத்தது' என்று படிவத்தில் எழுதிவிட வேண்டும்.

4. கூடவே போகும் மாத்திரைகளை வரிசையாக எழுதுங்கள்

எல்லாவற்றையும் எழுதுங்கள், இன்ஹேலர் உட்பட. ரிஃபாம்பிசின் அதில் முதலிடம். நம் நாட்டில் டி.பி. வந்து ஆறிய நுரையீரலில் ஆஸ்பெர்ஜில்லஸ் குடியேறுவது சகஜம், ஆகவே இந்த இரண்டு சிகிச்சைகளும் ஒரே ஆளிடம் சந்தித்துக்கொள்கின்றன. ரிஃபாம்பிசின் ஈரலின் நொதிகளை முடுக்கிவிட்டு இந்தப் பூஞ்சை மருந்துகளை வேகமாகச் சிதைத்துக் கரைத்துவிடும். வோரிகொனசோலோடு அதைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது, அளவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போய்விடும். டி.பி. மருந்தை நேற்றுதான் முடித்தேன் என்றாலும் சொல்லுங்கள், அந்த முடுக்கம் அடங்க ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகும்.

வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன், கார்பமசெப்பைன், ஃபீனோபார்பிட்டோன் ஆகியவையும் அளவைக் கீழே இழுக்கும். ஒமிபிரசோல் ஒரு வேடிக்கை: இட்ராகொனசோல் காப்ஸ்யூலின் அளவைக் குறைக்கும், வோரிகொனசோலின் அளவை ஏற்றும்.

பாதிப்பு மறுபக்கமும் உண்டு. இந்த மூன்று மருந்துகளும் வேறு பல மருந்துகளின் அளவை ஏற்றிவிடும். ஒவ்வாமை ஆஸ்பெர்ஜில்லஸ் நோய்க்கு இட்ராகொனசோல் சாப்பிடுகிறவர் புடசோனைடு இன்ஹேலரும் இழுத்தால் ஸ்டீராய்டு உடம்பில் தேங்கி முகம் வீங்கலாம், சர்க்கரை ஏறலாம். சிறுநீரகம் மாற்றியவருக்கு டாக்ரோலிமஸ் (மாற்றிய உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் மருந்து) அளவு கூடும். பூஞ்சை மருந்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் டாக்ரோலிமஸ் லெவலும் கூடவே பார்க்கப்பட வேண்டும்.

5. எந்த நாளில் எடுப்பது

மருந்து ஒரு நிலையான அளவுக்கு வந்து நின்ற பிறகு எடுக்க வேண்டும். மூன்றுக்கும் அந்த நாள் வேறு.

வோரிகொனசோலுக்கு முதல் நாள் கூடுதல் டோஸ் கொடுத்துத் தொடங்குவதால் சீக்கிரம் நிலைக்கு வந்துவிடும். 2-ம் நாளுக்குப் பிறகு எடுக்கலாம், பல மருத்துவமனைகளில் 5 முதல் 7-ம் நாளில் எடுக்கிறார்கள். போசகொனசோலுக்குச் சுமார் ஒரு வாரம். இட்ராகொனசோல் மெதுவாக ஏறும் மருந்து, சுமார் 2 வாரங்கள். மாத்திரை ஆரம்பித்து நான்காவது நாளே 'குறைவு' என்று வந்த இட்ராகொனசோல் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறுகிற குடும்பங்கள் உண்டு. அந்த மருந்து அப்போது இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

இடையில் ஒரு வேளை விட்டுப்போயிருந்தால், அதைச் சொல்லி நாளைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள்.

6. எந்த நேரத்தில் எடுப்பது

'ரத்தம் எடுக்கணும், வெறும் வயித்துல வாங்க' என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அதனால் இதற்கும் பட்டினியாக வருகிறார்கள். இந்தப் பரிசோதனைக்கு வயிறு காலியாக இருக்க வேண்டியதில்லை. தள்ளிப்போட வேண்டியது அன்றைய வேளை மருந்தை மட்டும்.

வோரிகொனசோலுக்கு அடுத்த வேளைக்குச் சற்று முன்புள்ள அளவு வேண்டும், அதாவது நாளின் மிகத் தாழ்ந்த அளவு. காலை 8, இரவு 8 என்று சாப்பிடுகிறவர் காலை 7.30-க்கு ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரையைப் பையில் எடுத்துப் போய், ரத்தம் எடுத்த கையோடு விழுங்கிவிட வேண்டும். காலையில் விழுங்கிவிட்டு 10 மணிக்குக் கொடுத்தால் உச்ச அளவு பதிவாகும், அதைத் தாழ்ந்த அளவு என்று நினைத்து டோஸைக் குறைத்துவிடும் ஆபத்து உண்டு. கலெக்‌ஷன் சென்டர் 9 மணிக்குத்தான் திறக்கும் என்றால் இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே, மருத்துவரிடம் கேட்டு, வேளைகளை 9.30-க்கு நகர்த்திக்கொள்ளலாம். அன்று காலை மட்டும் தாமதிப்பதைவிட அது நல்லது.

இட்ராகொனசோலும் போசகொனசோல் மாத்திரையும் உடம்பில் நீண்ட நேரம் நிற்பவை. ஒரு நாளுக்குள் அளவு பெரிதாக ஏறி இறங்காது என்பதால் நேரக் கட்டுப்பாடு அவ்வளவு கடுமையில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், முடிந்தால் வேளைக்கு முன்பாக, கொடுங்கள். முந்தைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட அதுதான் வசதி.

7. ரத்தம் எடுக்கும்போது

இது செவிலியருக்கும் லேப் ஊழியருக்கும். வோரிகொனசோல் நரம்பில் ஏறிக்கொண்டிருந்தால், மருந்து போகும் அதே லைனிலிருந்து ரத்தம் எடுக்காதீர்கள். குழாயின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மருந்தே எண்ணைத் தாறுமாறாக ஏற்றிவிடும். மறு கையில் குத்தி எடுங்கள்.

மஞ்சள் மூடி ஜெல் டியூப் வேண்டாம். ஜெல் சில மருந்துகளை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் பெரும்பாலான லேப்கள் ஜெல் இல்லாத சிவப்பு மூடி டியூபையோ ஊதா மூடி டியூபையோ கேட்கும். எது என்று போனில் கேட்டுவிட்டு எடுப்பது உத்தமம். டியூபில் ஒட்டும் லேபிளில் பெயரோடு ரத்தம் எடுத்த நிமிடத்தையும் எழுதுங்கள். பில் போட்ட நேரம் வேறு, ரத்தம் எடுத்த நேரம் வேறு.

8. படிவத்தில் இவை இல்லாமல் அனுப்பாதீர்கள்

மருந்தின் பெயர், வடிவம், டோஸ், தொடங்கிய தேதி, டோஸ் மாற்றிய தேதி, கடைசி வேளை எடுத்த தேதியும் நேரமும், ரத்தம் எடுத்த தேதியும் நேரமும், எடை, கூட எடுக்கும் மருந்துகள். அச்சிட்ட படிவத்தில் இவற்றுக்கு இடமே இருக்காது. பின்பக்கம் எழுதுங்கள், அதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் வரும்போது அந்தக் காகிதம் காணாமல் போயிருக்கும்.

9. சாம்பிள் எங்கே போகிறது

இதைச் செய்ய எச்.பி.எல்.சி. அல்லது மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கருவி வேண்டும், எல்லா ஊரிலும் இல்லை. வேலூர் சி.எம்.சி., சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற பெரிய மருத்துவமனைகள் செய்கின்றன. தனியார் லேப்களின் கிளைகள் ரத்தம் எடுத்து வெளியூரிலுள்ள தலைமை லேபுக்கு அனுப்புகின்றன. ஆகவே சனிக்கிழமை மாலையில் கொடுக்காதீர்கள். வாரத் தொடக்கத்தில் கொடுங்கள், ரிப்போர்ட் எந்த நாள் கைக்கு வரும் என்று கேளுங்கள், சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப் பகுதியை) பிரித்துக் குளிரில் அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால் வேறு சென்டர் பாருங்கள்.

10. ரிப்போர்ட்டை வாசிப்பது

முதலில் அலகு. ஒரு லிட்டருக்கு மில்லிகிராம் என்றாலும், ஒரு மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராம் என்றாலும் எண் ஒன்றேதான். நானோகிராம் என்று போட்டிருந்தால் 1000-ஆல் வகுக்க வேண்டும்: 800 நானோகிராம் என்பது 0.8 மைக்ரோகிராம். '800' என்ற எண்ணைக் கண்டு மிரண்டவர்கள் நிறைய.

சிகிச்சைக்காகப் பொதுவாக எதிர்பார்க்கப்படும் அளவுகள், ஒரு லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இவை. வோரிகொனசோல், வேளைக்கு முன்: குறைந்தது 1, மேல் எல்லை 5 முதல் 6 வரை. போசகொனசோல்: சிகிச்சைக்கு 1-க்கு மேல், தடுப்புக்கு 0.7-க்கு மேல். இட்ராகொனசோல்: 0.5 முதல் 1-க்கு மேல், சுமார் 4-ஐத் தாண்டாமல். நோய் எங்கே, எந்தப் பூஞ்சை என்பதைப் பொறுத்து மருத்துவர் வேறு இலக்கு வைக்கலாம்.

இட்ராகொனசோல் ரிப்போர்ட்டில் 'ஹைட்ராக்ஸி இட்ராகொனசோல்' என்று இன்னொரு வரி இருக்கலாம். உடம்பு மருந்தை மாற்றிச் செய்வது அது, அதற்கும் பூஞ்சையை எதிர்க்கும் சக்தி உண்டு, பெரும்பாலும் அதன் எண் மூல மருந்தைவிடப் பெரிதாக இருக்கும். மேலே சொன்ன இலக்கு மூல மருந்துக்கானது. இரண்டையும் கூட்டிப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். பூஞ்சையை வளர்த்து அளக்கும் பயோஅஸே முறையில் செய்திருந்தால் எண் பல மடங்கு பெரிதாக வரும், அதற்கான இலக்கே தனி. முறை மாறினால் ஒப்பிட முடியாது என்பதால் ஒரே லேபில் தொடர்வது நல்லது.

11. எண் சரியில்லை என்றால்

குறைவாக வந்தால் 2 முதல் 6 வரையுள்ள படிகளை மறுபடி பாருங்கள். வேளை தவறியதா, கேஸ் மாத்திரை உள்ளே போனதா, அட்டை மாறியதா என்று கண்டுபிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போனால், டோஸை ஏற்றாமலே பிரச்சினை தீரும் வாய்ப்பு இருக்கிறது.

நீங்களாக ஒரு மாத்திரை கூட்டிக்கொள்ளாதீர்கள், குறிப்பாக வோரிகொனசோலில். ஈரலில் அதைக் கரைக்கும் நொதிகள் சுங்கச்சாவடி மாதிரி: வண்டிகள் ஓர் எண்ணிக்கையைத் தாண்டினால் வரிசை நீண்டுகொண்டே போகும். பெரியவர்களில் 200 மி.கி.யை 300 ஆக்கினால், ஒன்றரை மடங்காகக் கூட வேண்டிய மருந்து சராசரியாக இரண்டரை மடங்காகிறது. குழந்தைகளிடம் இது வேறு மாதிரி. அவர்கள் வேகமாகக் கரைப்பதால் எடைக்கு அதிக டோஸ் தேவைப்படும், அடிக்கடி லெவலும் பார்க்க வேண்டியிருக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் வோரிகொனசோல் அளவு மிக உயரமாகவோ மிகத் தாழ்வாகவோ நின்றால் பரம்பரை காரணமாக இருக்கலாம். அதைக் கரைக்கும் முக்கிய நொதியான சி.ஒய்.பி.2சி19 சிலருக்குப் பிறவியிலேயே மந்தம், சிலருக்கு அதிவேகம். மரபணுப் பரிசோதனை உண்டு, ஆனால் லெவல் கையில் இருக்கும்போது அது அவசரமில்லை என்பது என் எண்ணம்.

அளவு அதிகமானால் உடம்பும் சொல்லும். வோரிகொனசோல் விழுங்கிய அரை மணியில் வெளிச்சம் கூசுவதும் நிறம் மாறித் தெரிவதும் பலருக்கு வந்து தானே போகும். இல்லாத ஆட்கள் தெரிவது, குரல் கேட்பது, குழப்பமாகப் பேசுவது அப்படியல்ல. வீட்டில் வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். இட்ராகொனசோலில் கால் வீக்கமும் மூச்சிரைப்பும், இட்ராகொனசோல், போசகொனசோல் இரண்டிலும் பி.பி. ஏறுவதும் பொட்டாசியம் இறங்குவதும் கவனிக்க வேண்டியவை. மூன்றுக்குமே ஈரல் பரிசோதனை கூடவே நடக்க வேண்டும். லெவல் அளவுக்குள் இருப்பதால் ஈரல் பத்திரம் என்று பொருளில்லை.

12. மறுபடி எப்போது

டோஸை மாற்றினாலோ, வடிவத்தை மாற்றினாலோ, ஊசியிலிருந்து மாத்திரைக்கு வந்தாலோ, 4-ம் படியில் சொன்ன மருந்து ஒன்று சேர்ந்தாலோ விலகினாலோ, 5-ம் படியின் நாட்களை எண்ணி மறுபடி எடுக்க வேண்டும். வாந்தி, பேதி, மூக்குக் குழாய் உணவு என்று உறிஞ்சுவது கெட்டாலும் அப்படியே.

வோரிகொனசோலில் இன்னொரு சமயமும் உண்டு, பலர் இதைத் தவறவிடுகிறார்கள். கடும் தொற்றில் சி.ஆர்.பி. (உடம்பின் அழற்சியைக் காட்டும் ரத்த அளவு) உயர்ந்திருக்கும்போது ஈரல் இந்த மருந்தை மெதுவாகக் கரைக்கும், அதனால் அளவு ஏறித் தெரியும். அதைப் பார்த்து டோஸைக் குறைத்திருப்பார்கள். நோய் தணிந்து சி.ஆர்.பி. இறங்கும்போது ஈரல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும், குறைத்த டோஸ் அப்போது போதாமல் போகும். ஆகவே நோயாளி தேறி, வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்லும் நேரத்தில் 'ஒரு லெவல் பார்த்துவிடலாமா?' என்று கேளுங்கள்.

சிகிச்சை முடிந்து இட்ராகொனசோலை நிறுத்தினாலும் அது ரத்தத்தில் 1 முதல் 2 வாரம் வரை தங்கும். அதற்காக நிறுத்திவைத்திருந்த கொலஸ்ட்ரால் மாத்திரையை மறுநாளே ஆரம்பிக்காமல், எந்தத் தேதியில் தொடங்குவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.